கணினியை எல்லா மாணவருக்கும் திறந்துவைத்த ஜோன் கெமெனி



செய்நிரலாக்கம் என்ற அலகுக்கு வந்தவுடன் உங்களுள் பலரின் முகம் மாறிவிடுகிறது. உயர்தரத்தில் கலைப்பிரிவுக்குப் போக இருப்பவருக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கிறீர்கள். கணிதத்தில் கெட்டிக்காரருக்கு மட்டுமே இது வரும் என்று வேறு சிலர் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறீர்கள். இதே கேள்வி 1960 ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவின் ஒரு கல்லூரியிலும் எழுந்தது. அதற்குப் பேச்சினால் அன்றிச் செயலினால் விடை அளித்த ஒரு பேராசிரியரின் வாழ்க்கையை இப்பாடத்தில் படிப்போம். அவர் பெயர் ஜோன் கெமெனி. பேசிக் என்னும் கணினி மொழியை உருவாக்கிய இருவருள் ஒருவர்.

1. இளமைக்காலம்

கெமெனி 1926 மே 31 இல் ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1938 இல் ஹிட்லரின் படைகள் அயல்நாடான ஒஸ்திரியாவுக்குள் புகுந்தன. அடுத்து என்ன நடக்கும் என்பதை அவருடைய தந்தை உணர்ந்துகொண்டார். முதலில் தான் மட்டும் அமெரிக்கா சென்று, 1940 இல் மனைவியையும் பிள்ளைகளையும் அங்கே வரவழைத்தார். அப்போது கெமெனிக்கு வயது 13. அவருடைய பாட்டனார் ஊரை விட்டு வர மறுத்துவிட்டார். ஹங்கேரியில் தங்கிய அவரும் வேறு உறவினர் சிலரும் பின்னர் யூத இனப்படுகொலையில் உயிரிழந்தனர்.

நியூயோர்க் நகரப் பாடசாலையில் சேர்ந்தபோது கெமெனிக்கு ஆங்கிலம் சரிவரத் தெரியாது. ஆயினும் மூன்று ஆண்டுகளில் வகுப்பில் முதல் மாணவராகத் தேறினார். மொழி புரியாத வகுப்பறையில் அமர்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதை அவர் சொந்த வாழ்விலேயே அறிந்திருந்தார். அவருடைய பிற்காலப் பணியைப் படிக்கும்போது இதனை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. பல்கலைக்கழகமும் போர்க்காலமும்

1943 இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கணிதமும் மெய்யியலும் கற்றார். இடையில் போர்க்காலச் சேவைக்காக லொஸ் அலமோஸ் என்ற இடத்துக்கு அனுப்பப்பட்டார். அமெரிக்கா அணுகுண்டை இரகசியமாக உருவாக்கிய இடம் அது. அங்கே கணிப்பீட்டுப் பிரிவில் அவருக்கு வேலை. இன்று நாம் கணினி என்று சொல்லும் பொருள் அங்கே இருக்கவில்லை. கணக்குப் பதியும் ஐ.பி.எம். இயந்திரங்களில் துளை அட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு, இரவு பகலாக முறை வைத்துக் கணித்தார்கள். ஒரு கணக்குக்கு விடை காண வாரக்கணக்கில் ஆனது.

1946 இல் அதே இடத்தில் ஜோன் வொன் நியூமன் என்ற கணித மேதையின் விரிவுரை ஒன்றைக் கெமெனி கேட்டார். முற்றிலும் இலத்திரனியலால் இயங்குவதும், துவித எண்களைப் பயன்படுத்துவதும், அறிவுறுத்தல்களைத் தன் நினைவகத்திலேயே வைத்துக்கொள்வதுமான ஓர் இயந்திரத்தைப் பற்றி அவர் விளக்கினார். நீங்கள் பாடத்தில் படிக்கும் சேமித்த செய்நிரல் எண்ணக்கரு இதுவேயாகும். அத்தகைய இயந்திரத்தைத் தன் கையால் இயக்கும் நாள் வருமா என்ற ஆசை அந்த இளைஞருக்கு அன்றே பிடித்துக்கொண்டது.

போர் முடிந்தபின் பிரின்ஸ்டனுக்குத் திரும்பி, அலோன்சோ சேர்ச் என்ற பேராசிரியரின் கீழ் ஆய்வு செய்து 1949 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அலன் டியூரிங்கின் ஆய்வை வழிநடத்தியவரும் இதே பேராசிரியரே. ஆய்வு மாணவராக இருந்த காலத்தில் அல்பர்ட் ஐன்ஸ்டைனுக்குக் கணித உதவியாளராகவும் கெமெனி பணியாற்றினார். பட்டம் பெற்ற பின்னர் பிரின்ஸ்டனில் மெய்யியல் துறையிலும் கற்பித்தார். மெய்யியல் என்பது கலைப்பீடத்துப் பாடம் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

3. டார்ட்மத் கல்லூரியில்

1953 இல், தனது 27 ஆவது வயதில், நியூ ஹம்ஷயர் மாநிலத்தின் ஹனோவர் என்ற சிற்றூரில் உள்ள டார்ட்மத் கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார். இரண்டு ஆண்டுகளின் பின் அத்துறைக்குத் தலைவருமானார். 1956 இல் தோமஸ் கேர்ட்ஸ் என்ற இளம் புள்ளிவிபரவியலாளர் அங்கு விரிவுரையாளராக வந்து சேர்ந்தார். இருவரும் வாழ்நாள் முழுவதும் இணைந்து பணியாற்றினர்.

கல்லூரியில் அப்போது கணினி இல்லை. ஆகவே செய்நிரல்களைத் துளை அட்டைகளில் பதித்து ஒரு பெட்டியில் அடுக்கி, கேர்ட்ஸ் அதிகாலைப் புகையிரதம் ஏறுவார். சுமார் 200 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மசாசுசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் கணினியில் அவற்றைக் கொடுத்து, விடையுடன் மாலையில் திரும்புவார். இப்பயணம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நடந்தது. ஓர் அட்டையில் சிறு பிழை இருந்தால் விடை கிடைக்காது. திருத்தி மறுபடி அனுப்ப அடுத்த பயணம் வரை காத்திருக்க வேண்டும்.

வேலைகளை ஒன்றாகத் திரட்டி ஒன்றன்பின் ஒன்றாகச் செய்விக்கும் இம்முறை தொகுதி முறைவழியாக்கம் எனப்படும். கணினியின் நேரம் விலை உயர்ந்ததாக இருந்த காலம் அது. ஆதலால் இயந்திரம் ஓயாமல் உழைக்க மனிதர் வரிசையில் காத்திருந்தனர்.

1959 இல் எல்.ஜி.பி. 30 என்ற சிறிய கணினி ஒன்று கல்லூரிக்கு வந்தது. அதை இளநிலைப் பட்டப்படிப்பு மாணவரிடம் கெமெனி நம்பி ஒப்படைத்தார். அவர்களுள் சிலர் அல்கோல் என்ற மொழிக்கு ஒரு தொகுப்பானையே எழுதிக் காட்டினர். கைதேர்ந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. இளம் மாணவரிடம் இயந்திரத்தைக் கொடுத்தால் அவர்கள் ஆசிரியரையும் மிஞ்சுவார்கள் என்பதை அவர் அன்று கண்டார்.

4. கலை மாணவரும் கற்க வேண்டுமா?

இங்கேதான் பிரதான கேள்வி எழுந்தது. டார்ட்மத் மாணவருள் விஞ்ஞானம், பொறியியல் கற்றோர் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் மட்டுமே. ஏனையோர் வரலாறு, இலக்கியம், அரசியல், பொருளியல் போன்றவற்றைக் கற்றனர். அக்காலத்தில் விஞ்ஞான மாணவருக்கே கணினி எட்டாத பொருளாக இருந்தது. கலை மாணவருக்கு அது தேவை என்று சொல்வோர் மிகச் சிலர்.

கெமெனியும் கேர்ட்ஸும் எதிர்ப்பக்கமிருந்து சிந்தித்தனர். நாளை அரசாங்கத்திலும் வணிகத்திலும் தீர்மானம் எடுக்கப்போகின்றவர்கள் யார்? பெரும்பாலும் இந்தக் கலை மாணவர்களே. கணினி என்றால் என்னவென்று அறியாமல் கணினியைப் பற்றி அவர்கள் எப்படித் தீர்மானம் எடுப்பார்கள்? ஆகவே எல்லா மாணவரும் கற்க வேண்டும் என்று இருவரும் முடிவு செய்தனர். கணினியைப் பற்றி விரிவுரை கேட்டால் போதாது, ஒவ்வொருவரும் தாமே செய்நிரல் எழுதிப் பார்க்க வேண்டும் என்பதும் அவர்களின் முடிவாகும்.

இதற்கு இரண்டு தடைகள் இருந்தன. முதலாவது, காத்திருக்கும் நேரம். விடைக்காக நாட்கணக்கில் காத்திருக்கக் கலை மாணவர் எவரும் உடன்படமாட்டார். இரண்டாவது, மொழி. போர்ட்ரான், அல்கோல் ஆகிய மொழிகளில் ஒரு காற்புள்ளி தவறினாலும் வேலை நின்றுவிடும். புதியவர் பயந்து ஓடிவிடுவார். 1962 இல் மாணவர் ஒருவரின் உதவியோடு கெமெனி எளிய மொழி ஒன்றைச் செய்து பார்த்தார். அது பரவலாகப் பயன்படவில்லை. எனினும் அம்முயற்சியில் கிடைத்த அனுபவம் அடுத்த மொழிக்கு உதவியது.

5. நேரப் பகிர்வும் பேசிக் மொழியும்

முதலாவது தடைக்கு வழி சொன்னவர் ஜோன் மக்கார்த்தி. முன்னர் டார்ட்மத்தில் கற்பித்துப் பின்னர் மசாசுசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்துக்குச் சென்றவர் அவர். அவர் எடுத்துக் கூறிய நேரப் பகிர்வு முறையை ஓர் உதாரணத்தால் விளங்கிக்கொள்வோம்.

ஓர் ஆசிரியர் இருபது மாணவருக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு மேசையாகச் சென்று சில விநாடிகள் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் எழுதுவதற்கு எடுக்கும் நேரத்தில் ஆசிரியர் ஒரு சுற்றை முடித்துவிடுவார். ஒவ்வொரு மாணவருக்கும் ஆசிரியர் தன்னோடு மட்டுமே இருப்பதாகத் தோன்றும். கணினியும் அவ்வாறே மத்திய முறைவழியாக்க அலகின் நேரத்தைச் சிறு துண்டுகளாக்கிப் பலருக்குப் பங்கிடுகின்றது.

இத்திட்டத்துக்குத் தேசிய விஞ்ஞான மன்றத்தின் நிதி கிடைத்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் கணினிகள் 1964 இன் தொடக்கத்தில் வந்து சேர்ந்தன. அவற்றை இயக்கும் முறைமையை எழுதியவர்களுள் பெரும்பாலானோர் இளநிலை மாணவரே. புதிய மொழிக்கான தொகுப்பானைக் கெமெனி எழுதத் தொடங்கியது 1963 இல்.

1964 மே 1 ஆந் திகதி அதிகாலை 4 மணி. கெமெனியும் ஒரு மாணவரும் அருகருகே இருந்த இரண்டு தட்டெழுத்து முனையங்களில் அமர்ந்தனர். இருவரும் தத்தம் செய்நிரலை ஒரே வேளையில் இயக்கக் கட்டளை கொடுத்தனர். இரண்டு முனையங்களிலும் சரியான விடை அச்சாகி வந்தது. பேசிக் மொழியின் பிறந்தநாள் இதுவே.

தொடக்கநிலையினருக்கான, எல்லா வேலைக்கும் உதவும், குறியீட்டு அறிவுறுத்தல் மொழி என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்ததே பேசிக் என்ற பெயர். முதற் பதிப்பில் ஏறத்தாழ 15 கூற்றுகளே இருந்தன. ஒரு சிறு செய்நிரலைப் பாருங்கள். கணினியில் தட்டும்போது இச்சொற்கள் ஆங்கிலத்தில் அமையும். இங்கே அவற்றின் ஒலியைத் தமிழில் தந்துள்ளேன்.

10 லெட் அ = 62
20 லெட் ஆ = 48
30 பிரின்ட் (அ + ஆ) / 2
40 எண்ட்

அ, ஆ என்பன மாறிகள். லெட் என்பது மாறிக்குப் பெறுமானம் அளிக்கின்றது. பிரின்ட் வெளியீட்டைத் தருகின்றது. எண்ட் முடிவைக் காட்டுகின்றது. இரண்டு பாடப் புள்ளிகளின் சராசரியாக 55 என்ற விடை வெளிவரும். இதனை விளங்கிக்கொள்ளக் கணித மேதையாக இருக்க வேண்டியதில்லை அல்லவா? பிழை நேர்ந்தால், எந்த வரியில் என்ன பிழை என்பதைக் கணினி எளிய சொற்களில் உடனே அறிவிக்கும். மாணவர் அப்போதே திருத்தி மறுபடி இயக்குவார். இரண்டு வாரக் காத்திருப்பு சில விநாடிகளாகச் சுருங்கியது.

6. கல்லூரி முழுவதும்

1964 இன் பிற்பகுதியில் முதலாம் ஆண்டுக் கணித மாணவர் பேசிக் கற்கத் தொடங்கினர். இரண்டு மூன்று விரிவுரைகளே நடந்தன. எஞ்சியதை மாணவர் முனையத்தின் முன் அமர்ந்து தாமாகவே கற்றனர். நூலகத்தில் புத்தகத்தை எடுத்துப் படிக்கக் கட்டணம் கேட்பதில்லை. கணினியும் அவ்வாறே இருக்க வேண்டும் என்பது கெமெனியின் கொள்கை. எனவே மாணவர் எவரும் அனுமதி கேளாமல், கட்டணம் செலுத்தாமல் கணினியைப் பயன்படுத்தினர். சில ஆண்டுகளில் டார்ட்மத் மாணவருள் பெரும்பாலானோர் செய்நிரல் எழுதக் கற்றுவிட்டனர். அயலிலிருந்த பாடசாலைகளும் தொலைபேசி இணைப்பின் மூலம் இதே கணினியைப் பயன்படுத்தின.

லொஸ் அலமோஸில் 1945 இல் ஒரு குழு ஆண்டு முழுவதும் பாடுபட்டுச் செய்த கணிப்புகளை, பின்னாளில் ஓர் இளநிலை மாணவர் ஒரே பிற்பகலில் செய்துவிடலாம் என்று கெமெனி கணக்கிட்டுக் காட்டினார். அதுவும் கணினியை மற்றவர்களோடு பகிர்ந்துகொண்டே!

பேசிக் மொழியைப் பிறரும் தடையின்றிப் பயன்படுத்த முடிந்தது. 1975 இல் பில் கேட்ஸும் போல் அலனும் அல்டெயர் என்ற சிறு கணினிக்காகப் பேசிக் மொழியின் ஒரு வடிவத்தை எழுதினர். அவர்களின் மைக்ரோசொப்ட் நிறுவனம் அதிலிருந்தே தொடங்கியது. 1980 களில் வீடுகளுக்கு வந்த கணினிகளுட் பெரும்பாலானவற்றில் பேசிக் மொழி இருந்தது.

குறைகளும் கூறப்பட்டன. வரி எண்ணைச் சொல்லி அங்கே தாவச் செய்யும் கூற்றை அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் செய்நிரல் நூற்சிக்கல் போல ஆகிவிடும் என்று டைக்ஸ்ரா போன்ற கணினி அறிஞர்கள் கண்டித்தனர். கெமெனியும் கேர்ட்ஸும் தம் மொழியைத் தொடர்ந்து திருத்தினர். ஒழுங்கான கட்டமைப்புடைய ட்ரூ பேசிக் என்ற வடிவத்தை 1980 களின் நடுப்பகுதியில் வெளியிட்டனர்.

7. கல்லூரித் தலைவரும் விசாரணை ஆணைக்குழுவும்

1970 இல் கெமெனி டார்ட்மத் கல்லூரியின் தலைவரானார். அதுவரை ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த அக்கல்லூரியில் 1972 இல் பெண்களும் பட்டப்படிப்பு மாணவராகச் சேர்க்கப்பட்டனர். அமெரிக்கப் பழங்குடி மாணவருக்கும் அவர் காலத்தில் இடம் விரிந்தது. தலைவர் பதவியில் இருந்தபோதும் வகுப்பெடுப்பதை அவர் விடவில்லை.

1979 மார்ச் மாதத்தில் திறீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் பெரும் விபத்து நிகழ்ந்தது. அதனை விசாரிக்க சனாதிபதி ஜிம்மி காட்டர் நியமித்த ஆணைக்குழுவுக்குத் தலைவராகக் கெமெனி தெரிவானார். அவ்வாண்டு ஒக்டோபரில் அறிக்கை வெளியானது. அடிப்படைக் குறை உபகரணத்தைவிட மனிதர் தொடர்பான விடயங்களிலேயே இருந்தது என்று ஆணைக்குழு கண்டது. விபத்தின் முதல் சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கை ஒலிகளும் விளக்குகளும் ஒருங்கே எழுந்தன. எது முக்கியம், எது முக்கியமற்றது என்பதைப் பணியாளரால் பிரித்தறிய முடியவில்லை. அவர்களுக்கு அளிக்கப்பட்ட பயிற்சியும் போதாது.

மாணவர்களே, இவ்விரண்டு பணிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பேசிக் மொழியில் இயந்திரம் பிழையை மனிதருக்கு விளங்கும்படி சொன்னது. அணுமின் நிலையத்தில் இயந்திரம் சொன்னது மனிதருக்கு விளங்கவில்லை. முதலாவதில் ஒரு மாணவர் கணக்கைத் திருத்திக்கொண்டார். இரண்டாவதில் ஒரு பிரதேசத்து மக்களின் பாதுகாப்பே கேள்விக்குள்ளானது. பெரிய இயந்திரங்களைப் பற்றி ஆராய்ந்து தீர்மானம் எடுக்கும் பொறுப்பு ஒரு நாள் எவருக்கும் வரலாம். அதற்காகவே எல்லா மாணவரும் கணினியைக் கற்க வேண்டும் என்று கெமெனி நினைத்தார்.

1981 இல் தலைவர் பதவியிலிருந்து விலகி மீண்டும் கணித ஆசிரியரானார். 1992 டிசெம்பர் 26 இல், 66 ஆவது வயதில் காலமானார். அவருடைய தோழர் கேர்ட்ஸ் 2024 நவம்பரில் 96 ஆவது வயதில் மறைந்தார்.

8. நமக்கு

இதை எழுதும் நானும் கலைப்பட்டதாரியே. முதன்முதலில் கணினியின் முன் அமர்ந்தபோது எதைத் தொட்டால் எது பழுதாகுமோ என்று கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பயத்தைப் போக்கியது எந்த விரிவுரையுமல்ல, நானே எழுதிய நான்கு வரிச் செய்நிரல் தந்த முதல் விடைதான். நீங்கள் கற்பது பஸ்கால் ஆகட்டும், பைதன் ஆகட்டும், குறிப்பை மனனம் செய்வதோடு நிற்காதீர்கள். கணினி கிடைக்காத நாளில் கொப்பியில் எழுதி, ஒவ்வொரு வரியாகப் பெறுமானங்களைப் போட்டுப் பாருங்கள். பிழை வந்தால் வெட்கப்பட வேண்டாம். எந்த வரியில் பிழை என்று தேடுவதே செய்நிரலாக்கத்தின் பாதிப் படிப்பு.

நினைவிற் கொள்ளுங்கள்

1. பேசிக் மொழியை உருவாக்கியோர்: ஜோன் கெமெனி, தோமஸ் கேர்ட்ஸ்.
2. முதன்முதலாக இயங்கிய நாள்: 1964 மே 1. இடம்: டார்ட்மத் கல்லூரி.
3. தொகுதி முறைவழியாக்கம்: வேலைகள் திரட்டப்பட்டு ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யப்படும்.
4. நேரப் பகிர்வு: ஒரு கணினியின் நேரம் பலருக்குச் சிறு துண்டுகளாகப் பங்கிடப்படும்.
5. செய்நிரலின் கட்டுப்பாட்டுக் கட்டமைப்புகள்: தொடர், தெரிவு, மீள்செயல்.

பயிற்சி வினாக்கள்

1. தொகுதி முறைவழியாக்கத்துக்கும் நேரப் பகிர்வுக்கும் இடையிலான வேறுபாடுகள் இரண்டு தருக.
2. கலை மாணவரும் செய்நிரலாக்கம் கற்க வேண்டும் எனக் கெமெனி கருதியமைக்கான காரணத்தை விளக்குக.
3. மேலே தரப்பட்ட செய்நிரலை மூன்று பாடங்களின் சராசரியைக் காணுமாறு மாற்றி எழுதுக.
4. பின்வரும் செய்நிரலின் வெளியீடு யாது? இதில் எக்கட்டுப்பாட்டுக் கட்டமைப்பு பயன்படுத்தப்பட்டுள்ளது?

10 போர் க = 1 டு 5
20 பிரின்ட் க * க
30 நெக்ஸ்ட் க
40 எண்ட்

(விடை: 1, 4, 9, 16, 25. மீள்செயல். முதலில் நீங்களே செய்து பார்த்தபின் ஒப்பிடுக.)